விழத் தெரிந்தவர்: பாப் கிறிஸ்டோவும் பெங்களூரும்

1987இல் வெளிவந்த 'மிஸ்டர் இந்தியா' படத்தில் வால்காட் என்றொரு வெள்ளைக்காரன் வருவான். சிலைகளின் மேல் கண் வைத்து வந்தவன். கை நீண்டதும் அவனுக்கு அடி விழ ஆரம்பிக்கும். அடிப்பவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். கதாநாயகனிடம் ஆளை மறைக்கும் கருவி இருக்கிறது. படத்தின் கதையே அதுதான். ஓர் அனுமன் சிலை அந்தரத்தில் எழுந்து வந்து வால்காட்டின் மண்டையில் இறங்கும். பஜ்ரங்பலிக்கு ஜே போடாமல் அவனுக்குத் தப்பில்லை. வட இந்தியாவில் எண்பதுகளில் சிறுவர்களாக இருந்தவர்களிடம் கேட்டால் கதையை விட்டுவிட்டு முதலில் இந்தக் காட்சியைச் சொல்பவர்கள் நிறையப் பேர்.

இதைத் தொழில்காரரின் கண்ணோடு பார்த்தால் வேறொன்று தெரியும். நாயகன் அனில் கபூர் அந்தச் சண்டையில் கண்ணுக்கே படுவதில்லை. கேமரா முன்னால் அடி வாங்கும் ஓர் உடல்தான் இருக்கிறது. முகம் சட்டென்று ஒரு பக்கம் திரும்புவது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்குவது, தடுமாறிப் பின்னால் போவது, கடைசியில் விழுவது எல்லாமே அந்த ஒருவர் பொறுப்பு. அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் மாய மனிதன் பொய்யாகிவிடுவான். நாயகன் இல்லாத இடத்தில் நாயகனின் பலத்தைக் காட்டிய அந்த நடிகர் பாப் கிறிஸ்டோ.

சண்டைக் காட்சிகளின் ரகசியமே இதுதான். நாயகனின் குத்து யார் மேலும் படுவதில்லை. சில அங்குலம் தள்ளிக் காற்றில் போகிறது. அந்தக் குத்துக்குக் கனம் கொடுப்பது வாங்குபவரின் கழுத்தும் முதுகும். பத்து அடியாட்கள் சரிந்த பிறகு கடைசியாக வரும் பெரிய உடம்புக்காரர் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறாரோ, அந்த அளவுக்கு நாயகன் வீரன். அமிதாப் பச்சனுக்கும் தர்மேந்திராவுக்கும் கிடைத்த கைதட்டலில் ஒரு பங்கு, விழுந்தவர்களின் உழைப்பு. விமர்சனத்தில் அதற்குப் பெயர் கிடையாது. சம்பளத்திலும் பெரிய மதிப்பு கிடையாது.

ராபர்ட் ஜான் கிறிஸ்டோ 1938இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பிறந்தவர். படித்தது கட்டடப் பொறியியல். பிள்ளைப் பருவத்தில் கொஞ்ச காலம் ஜெர்மனியில் வளர்ந்தவர், பிறகு வேலைக்காக நாடு நாடாகப் போனவர். எழுபதுகளின் பிற்பாதியில் மஸ்கட்டில் வேலைக்குப் போகும் வழியில், அனுமதிச் சீட்டு வரும்வரை காத்திருக்கப் பம்பாயில் இறங்கினார். அவரே பலமுறை சொல்லிய கதை ஒன்று உண்டு. 1976இல் 'டைம்' வார இதழின் அட்டையில் நடிகை பர்வீன் பாபியின் படம் வந்திருந்தது. அந்த முகத்தை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் பம்பாயில் தங்கியதற்கு ஒரு காரணம். யாரையோ பிடித்துப் படப்பிடிப்புக்குப் போனார். அறிமுகப்படுத்தப்பட்ட பெண்ணிடம், இவர் பர்வீன் பாபி இல்லை, அட்டையில் இருப்பவர்தான் பர்வீன் பாபி என்று வாதாடினார். படப்பிடிப்பு இல்லாத நேரத்தில் நான் மேக்கப் போடுவதில்லை என்று சிரித்தாராம் பர்வீன் பாபி. இருவரும் நண்பர்களானார்கள். மஸ்கட் வேலை என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டு மெருகேறியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அடிப்படை நம்பக்கூடியதே. துணை நடிகர்கள் எந்த ஊரிலும் திட்டமிட்டு உருவாவதில்லை. வேறெங்கோ போகிற வழியில் சிக்கிக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் இந்தச் சிக்குதலை ஓர் அலுவலகமாகவே மாற்றிவிட்டார்கள். 1925இல் ஹாலிவுட்டில் தொடங்கிய சென்ட்ரல் காஸ்டிங் நிறுவனம், கூட்டத்தில் நிற்க வேண்டிய ஆட்களை முகம், உயரம், உடை, இனம் என்று வகைபிரித்துப் பதிந்து வைத்தது. ஸ்டுடியோ கேட்கும், அலுவலகம் தொலைபேசியில் ஆள் சொல்லும். விருந்துக் காட்சிகளில் நல்ல கவுன் உடுத்தி நின்ற பெஸ் ஃபிளவர்ஸ் என்ற பெண்மணி 800க்கும் அதிகமான படங்களில் தோன்றியவர் என்பார்கள். ஐம்பதுகளில் தொலைக்காட்சி வந்ததும் கௌபாய்த் தொடர்கள் வாரம்தோறும் ஆள் கேட்டன. சினிமாவில் ஓய்ந்தவர்களுக்கு அதனால் இன்னும் பத்து வருடம் சோறு கிடைத்தது. மதுக்கடைக்காரர், ஷெரீப்பின் உதவியாள், சுடப்பட்டு மாடியிலிருந்து விழுபவர். அந்த ஊர்த் துணை நடிகரின் வாழ்க்கை வரலாறு பெரும்பாலும் இப்படியொரு பட்டியலாகவே மிஞ்சும்.

பம்பாயில் அப்படி அலுவலகம் எதுவும் வெள்ளைக்காரர்களுக்கு இல்லை. கொலாபாவின் மலிவு விடுதிகளுக்கு அருகே ஏஜெண்டுகள் நின்று முதுகுப்பையோடு வரும் பயணிகளை ஒருநாள் கூலிக்குப் பிடிப்பார்கள். கேபரே நடனத்தின் பின்னால் உட்கார, கிளப்பில் கோப்பை ஏந்த ஆள் வேண்டும். மறுநாள் அவர்கள் கோவாவுக்கு ரயில் ஏறிவிடுவார்கள். கிறிஸ்டோ ரயில் ஏறவில்லை. அவருடைய தொழில் வெற்றியின் பாதி இதில் அடங்கிவிட்டது. நெடிய உடம்பு, மழித்த தலை, தாடி, அடிக்கப் பழகிய தோள், விழவும் தயங்காத முதுகு. இத்தனையும் உள்ள ஒரு வெள்ளைக்காரர் அடுத்த மாதமும் அதே ஊரில் இருப்பார் என்பது தயாரிப்பாளருக்குப் பெரிய நிம்மதி. அக்காலத்து இந்திப் படம் ஓராண்டில் முடியும், மூன்றாண்டும் இழுக்கும். நட்சத்திரம் ஒரே நாளில் இரண்டு மூன்று ஷிப்ட் பிரித்துக் கால்ஷீட் கொடுப்பார். சண்டையின் பாதியை மார்ச்சில் எடுத்து மீதியை நவம்பரில் எடுக்கும்போது, அடிபட்டவர் ஊரில் இருந்தாக வேண்டும்.

வசனம் ஒரு தடையாக இருக்கவில்லை. படங்களுக்குப் பெரும்பாலும் பின்னால்தான் குரல் பதிவு நடந்தது. கொச்சை இந்தி வேண்டும் என்றால் அதுவே பாத்திரத்துக்குப் பொருந்தியது.

'அப்துல்லா', 'குர்பானி' இரண்டும் 1980இல் வந்தன. 'அப்துல்லா'வில் அவர் மந்திரவாதி. முன்னதை எடுத்தவர் சஞ்சய் கான், பின்னதை எடுத்தவர் அவருடைய அண்ணன் ஃபெரோஸ் கான். இங்கேதான் பெங்களூரு வருகிறது. இந்த இரு சகோதரர்களும் பெங்களூரில் பிறந்தவர்கள். ஃபெரோஸ் கான் படித்தது அந்த ஊரின் பிஷப் காட்டன் பள்ளியில். பம்பாய்ப் பட உலகில் அவர்கள் பெயர் பெற்றதே குதிரை, கார், வெளிநாட்டு மோஸ்தர் இவற்றால்தான். அந்தப் பாணி பெங்களூரு கன்டோன்மென்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் புதிதல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. வெள்ளைக்காரரைக் கண்டு மிரளாத, அவரை ஒரு வேடிக்கைப் பொருளாகவும் நினைக்காத இரண்டு முதலாளிகள் கிறிஸ்டோவுக்கு ஆரம்பத்திலேயே வாய்த்தார்கள். சஞ்சய் கானோடு ஏற்பட்ட தொடர்பு முப்பது ஆண்டு நீடித்தது.

பிறகு எண்பதுகள் முழுக்க ஓய்வில்லை. 'காலியா' 1981இல், 'நமக் ஹலால்' 1982இல், 'மர்த்' 1985இல். மொத்தம் 200 படங்களுக்கு மேல் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. துணை நடிகர்களின் படக் கணக்கு எப்போதும் கொஞ்சம் தளர்வானது; டைட்டில் கார்டில் பெயர் வராத படங்கள் இருக்கும், எடுத்து முடிக்காமல் பெட்டிக்குள் போனவையும் இருக்கும்.

இவ்வளவு வெள்ளை அடியாட்களுக்கு என்ன தேவை வந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1968இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டித் தங்கம் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. 1973இன் அந்நியச் செலாவணிச் சட்டம் டாலரைத் தொடுவதையே சந்தேகத்துக்குரியதாக்கியது. 1972இன் தொல்பொருள் சட்டம் சிலைகளை வெளியே கொண்டுபோகத் தடை போட்டது. எதைத் தடுத்தாலும் அதைக் கடத்த ஒருவன் வேண்டும், கடத்தியதை வாங்க அக்கரையில் ஒருவன் வேண்டும். இந்தி சினிமாவின் வில்லன் எழுபதுகளில் ஜமீன்தாரிலிருந்து கடத்தல்காரனாக மாறினான். அவனுடைய குகையில், சிவப்பு விளக்குக்குக் கீழே, பெட்டியைத் திறந்து வைரத்தைப் பார்க்கும் வெளிநாட்டு வியாபாரி தேவைப்பட்டார். வால்காட் பாத்திரம் வானத்திலிருந்து குதித்ததில்லை. தமிழ்நாட்டின் பத்தூர் நடராசர் 1976இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்து, கைமாறி லண்டனுக்குப் போய், நீண்ட வழக்குக்குப் பிறகு 1991இல்தான் திரும்பினார். 'மிஸ்டர் இந்தியா' ஓடிக்கொண்டிருந்தபோது அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தது. லண்டன் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுத்த விவகாரத்தை அனுமன் சிலை இரண்டு நிமிடத்தில் தீர்த்துவைத்தது என்று சொல்லலாம். அந்தப் படத்தைத் தமிழில் 'என் ரத்தத்தின் ரத்தமே' என்று பாக்யராஜை வைத்து 1989இல் எடுத்தார்கள்.

கடத்தல் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஆங்கிலேய அதிகாரி. இந்தப் பாத்திரத்துக்குத் தமிழ் சினிமா வேறு வழி கண்டது. 1959இன் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் ஜாக்சன் துரையாக நின்றவர் சி. ஆர். பார்த்திபன், பானர்மேனாக வந்தவர் ஜாவர் சீதாராமன். முகத்தில் பூச்சும் தலையில் டோப்பாவும் மாட்டிய தமிழர்கள். வரி கேட்பவரும் கொடுக்க மறுப்பவரும் ஒரே தமிழில் மோதியதால்தான் அந்தக் காட்சி அறுபது ஆண்டுகளாக மேடைகளில் நடிக்கப்படுகிறது. அசல் வெள்ளைக்காரரை நிறுத்தியிருந்தால் சிவாஜிக்குச் சரியான எதிரி கிடைத்திருக்கமாட்டார். இந்தி சினிமா எண்பதுகளில் எதிர்த்திசையில் போனது: வசனம் வேண்டாம், அசல் தோல் வேண்டும். விடுதலை கிடைத்து முப்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகு, அந்தத் தோலின் மேல் ஒரு குத்து விழுவதைப் பார்ப்பதில் ரசிகர்களுக்கு ஒரு திருப்தி இருந்தது. அந்தத் திருப்திக்குக் கூலி வாங்கிக்கொண்டு உடம்பைக் கொடுத்தவர், ஆங்கிலேயர்கூட இல்லை, ஓர் ஆஸ்திரேலியர் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

தோல்தான் வேண்டும் என்பதற்கு டாம் ஆல்டரே சாட்சி. அமெரிக்க மிஷனரிக் குடும்பத்தில் 1950இல் முசோரியில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் முறையாக நடிப்புப் படித்தவர். அவருடைய உருதுவைக் கேட்டு உருதுக்காரர்களே மலைப்பார்கள். சத்யஜித் ராய் 'சத்ரஞ்ச் கே கிலாடி'யில் கவிதை ரசிக்கும் கேப்டன் வெஸ்டனாக அவரைப் பயன்படுத்தினார். மற்ற இயக்குநர்கள் பெரும்பாலும் அவருக்கு ஒரு தொப்பியும் சவுக்கும் கொடுத்தார்கள். நாடக மேடையில் அவர் காலிப், மௌலானா ஆசாத், சினிமாவில் துரை. படித்த நடிகருக்கும் வழியில் வந்து சிக்கிய பொறியாளருக்கும் பட உலகம் ஏறத்தாழ ஒரே வேலையைக் கொடுத்தது. ஆல்டருக்கு அது மனக்குறையாக இருந்திருக்க நியாயம் உண்டு. கிறிஸ்டோவுக்கு அது தொழில்.

இந்தக் கதையைத் தலைகீழாக வாழ்ந்த ஒருவர் பெங்களூருக்குத் தெற்கே பிறந்தார். மைசூர் சமஸ்தானத்தின் காரப்புரா யானை முகாமில் 1924இல் பிறந்த சாபு, ஒரு பாகனின் மகன். ராபர்ட் ஃபிளாஹர்ட்டியின் குழு 'எலிஃபன்ட் பாய்' படத்துக்காக மைசூருக்கு வந்தபோது அவரைக் கண்டெடுத்தது. படம் 1937இல் வந்தது. லண்டன், அங்கிருந்து ஹாலிவுட். 'தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்தில் திருட்டுச் சிறுவன், 'ஜங்கிள் புக்'கில் மௌக்ளி. இவை நாயகப் பாத்திரங்கள்; சாபுவைத் துணை நடிகர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வயது ஏற ஏற அவருக்குக் கிடைத்தது என்ன? அரபு நாட்டுக்காரர், தென்கடல் தீவுக்காரர், எந்த ஊர் என்று சொல்லத் தெரியாத கிழக்கத்திக்காரர். கதாநாயகனின் தோழன், தலைப்பாகை, வெற்று மார்பு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப் படையில் குண்டுவீச்சு விமானத்தின் வால்பகுதித் துப்பாக்கியை இயக்கிப் பதக்கம் வாங்கித் திரும்பியவருக்கு, அமெரிக்கச் சிப்பாய் வேடம் கொடுக்க ஹாலிவுட்டுக்குத் தோன்றவில்லை. ஐம்பதுகளில் லண்டன் சர்க்கஸில் யானைகளோடு தோன்றினார். 1963 டிசம்பரில் 39 வயதில் மாரடைப்பால் இறந்தார்.

'மதர் இந்தியா'வின் பிர்ஜு பாத்திரத்துக்கு மெஹபூப் கான் முதலில் நினைத்தது சாபுவைத்தான். சாபு 1944இலேயே அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டவர். பிறந்த நாட்டில் நடிப்பதற்கு அவருக்கு வேலை அனுமதி கிடைக்கவில்லை. பாத்திரம் சுனில் தத்துக்குப் போனது. எந்த இந்தியப் படத்திலும் நடிக்காமலே சாபு இறந்தார். மைசூர்க்காரரை இந்தியாவில் நடிக்கவிடாத ஒரு காகிதமும், சிட்னிக்காரர் பம்பாயில் நடிகராகக் காரணமான, மஸ்கட்டிலிருந்து வரத் தாமதித்த ஒரு காகிதமும் இந்த இரு வாழ்க்கைகளையும் திருப்பிவிட்டன. தற்செயல்தான். இதற்கு மேல் அதில் அர்த்தம் தேடத் தேவையில்லை. ஆனால் இருவரையும் கேமரா ஒரே காரணத்துக்காக விரும்பியது: அங்கே உள்ளவர்கள் போல் அவர்கள் இல்லை.

கர்நாடகத்துக்குக் கிறிஸ்டோவின் தொழில் முறையாக வந்து சேர்ந்தது தொலைக்காட்சி வழியே. பகவான் கித்வானி 1976இல் எழுதிய நாவலை வைத்துச் சஞ்சய் கான் 'தி ஸ்வோர்ட் ஆஃப் திப்பு சுல்தான்' தொடரை எடுத்தார். திப்புவாகவும் அவரே நடித்தார். கிறிஸ்டோவுக்குக் கிடைத்தது ஜெனரல் மேத்யூஸ். 1783 தொடக்கத்தில் பெத்னூர்க் கோட்டையைப் பிடித்து, சில மாதங்களிலேயே திப்புவிடம் சரணடைந்து, ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் அதே ஆண்டு செத்துப்போன கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி அவர். சினிமாவில் ஆயிரம் முறை பெயரில்லாமல் தோற்றவருக்கு இங்கே வரலாற்றில் பெயருள்ள ஒரு தோல்வி கிடைத்தது. பிறகு சஞ்சய் கான் எடுத்த 'தி கிரேட் மராத்தா' தொடரில் அவர் அகமத் ஷா அப்தாலி, பானிப்பட்டில் வென்ற ஆப்கானியர். அவருடைய வாழ்க்கையில் ஜெயிக்கிற வேடம் இப்படி ஒன்றிரண்டுதான். அதைக் கொடுத்தது பெரிய திரை அல்ல, சின்னத் திரை; அமெரிக்கத் துணை நடிகர்களுக்கு ஐம்பதுகளில் நடந்ததும் இதுவே. வாரம் ஒன்று என்று கதையை நீட்ட வேண்டிய ஊடகம், ஓரத்தில் நிற்பவர்களுக்கும் ஒரு பெயரும் இரண்டு பக்க வசனமும் எழுதியாக வேண்டியிருக்கிறது.

திப்பு தொடரைப் பற்றிப் பேசும்போது 1989 பிப்ரவரி 8ஆம் தேதியைத் தாண்டிப் போக முடியாது. மைசூரின் பிரீமியர் ஸ்டுடியோவில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்தது. அரங்கச் சுவர்களில் தீயைத் தாங்கும் பொருளுக்குப் பதில் சாக்கு. சூட்டைக் கக்கும் பெரிய விளக்குகள். காற்று போக வழி குறைவு. வெளியேறும் வழியும் போதாது. 62 பேர் செத்தார்கள். சஞ்சய் கான் உடல் பெரும்பகுதி வெந்து, 13 மாதம் மருத்துவமனையில் கிடந்து, எழுபதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு திரும்பி வந்தார். தொடரை முடித்தார், 1990 பிப்ரவரியிலிருந்து தூர்தர்ஷனில் 60 வாரம் ஓடியது. இந்த மீட்சிக் கதையை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், எழுத வேண்டியதும்தான். இறந்தவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிக்கு வந்த தொழில்நுட்பப் பணியாளர்கள், கூட்டத்தில் நிற்க வந்தவர்கள். இந்தியத் துணை நடிகர் வரலாற்றை ஒருவர் எழுதினால் அதன் முக்கியமான அத்தியாயம் மைசூரில்தான் நடக்கிறது. துணை நடிகரைப் பற்றிய எழுத்து அநேகமாக வேடிக்கைச் செய்திகளாகவே இருப்பது எனக்கு உறுத்தும். எந்த அரங்கில் நிற்கிறோம், வெளியே போகக் கதவு எங்கே என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. பேட்டா வாங்கிக்கொண்டு சொன்ன இடத்தில் நிற்கிறார்கள்.

தொண்ணூறுகளில் கிறிஸ்டோவின் வேலை குறைந்தது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அவரைத் தேவைப்படுத்திய உலகம் கலைந்தது. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் போனது. அடுத்த ஆண்டு பொருளாதாரத்தின் கதவுகள் திறந்தன. பிஸ்கட் தங்கத்தைக் கடலோரத்தில் இறக்கும் வில்லனுக்கு வேலை இல்லாமல் போய், அரசியல்வாதியும் தீவிரவாதியும் அந்த இடத்துக்கு வந்தார்கள். லண்டனும் நியூயார்க்கும் நாயகன் படிக்கிற ஊர்களாயின. வெள்ளை முகம் பாட்டுக்குப் பின்னால் ஆடும் முகமானது. 2001இல் வெளிவந்த 'லகான்' எடுக்கப்பட்டபோது கேப்டன் ரஸ்ஸலாக நடிக்கப் பால் பிளாக்தார்னை இங்கிலாந்திலிருந்தே வரவழைத்தார்கள். துரை வேடத்துக்கு இனி முறையாக நடிக்கப் படித்த ஆங்கிலேயர் வந்தார். உள்ளூரில் குடியிருக்கும் முரட்டு உடம்புக்காரர் வேண்டியிருக்கவில்லை.

அதே சமயத்தில் சஞ்சய் கானும் சினிமாவை விட்டுப் பெங்களூருக்குத் திரும்பியிருந்தார். தும்கூர் சாலையில் கோல்டன் பாம்ஸ் என்ற சொகுசு விடுதியைக் கட்டினார். கிறிஸ்டோவுக்கு அங்கே யோகா கற்றுக்கொடுக்கும் வேலை கிடைத்தது. சிட்னியில் பிறந்த ஆள் இந்தியர்களுக்கு யோகா சொல்லித்தருவதைப் பத்திரிகைகள் வேடிக்கையாக எழுதின. யோசித்தால் இதில் வேடிக்கை ஒன்றுமில்லை. இத்தனை வருடம் தினமும் விழுந்து எழுந்தவருக்கு முதுகெலும்பு, மூச்சு, தசை பற்றித் தெரிந்த அளவுக்கு எத்தனை ஆசிரியர்களுக்குத் தெரியும்? சண்டைக்காரர்கள் ஐம்பதுக்குப் பிறகு மூட்டு வலியோடு வீட்டில் உட்காரும் தொழில் அது. ஓய்வூதியம் இல்லாத அந்தத் தொழிலில், பழைய முதலாளி ஒருவரின் விசுவாசம்தான் ஓய்வூதியமாக வந்தது. எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

ஃபெரோஸ் கான் கடைசிக் காலத்தில் பெங்களூருக்கே வந்து 2009 ஏப்ரலில் இறந்தார். ஓசூர் சாலையில் தாயின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்தார்கள். கிறிஸ்டோ 2011 மார்ச் 20ஆம் தேதி அதே ஊரில் இதய நோயால் இறந்தார். வயது 72. அவர் எழுதிய 'ஃபிளாஷ்பேக்' என்ற தன்வரலாற்றைப் பெங்குவின் நிறுவனம் அந்த ஆண்டே வெளியிட்டது. 200 படங்களிலும் அவரைப் பேசவிட்ட வசனங்களை மொத்தமாகக் கூட்டினாலும் அந்தப் புத்தகத்தின் ஓர் அத்தியாயத்துக்குத் தேறாது என்பது என் கணிப்பு.